செண்பகனூரில் எட்டு நாள்

சென்ற செப்டம்பர் மாதத்தில் எனது வருடாந்திர ஞான ஒடுக்கத்தைச் செண்பகனூரில் செய்வதற்காகப் பழனியிலிருந்து பேருந்து ஏறினேன். பழனிக்கும் கொடைக்கானலுக்கும் இடையே 64 கிலோமீட்டர் தூரம். வண்டி ஊரைத் தாண்டி, வரதமாநதி அணையின் ஓரமாகச் சென்று, மலையில் ஏறத் தொடங்கியதும் வெயிலின் கடுமை மெல்லக் குறைந்தது. வெளியூர் வாகனங்கள் கொடைக்கானலுக்கு வர இ-பாஸ் பெற வேண்டும் என்ற விதி 2024 மே 7-ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்தது. அரசுப் பேருந்தில் செல்லும் என்னைப் போன்றவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பக்கத்து இருக்கையில் ஒரு தாய் தன் குழந்தைக்கு எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்துக்கொண்டே வந்தாள். சவரிக்காட்டுப் பக்கத்து வளைவுகளில் எனக்கும் அது தேவைப்பட்டது. கேட்க வெட்கம், கேளாமலே அவள் இன்னொன்றை எடுத்து நீட்டினாள்.

இந்த மலைக்குப் பழைய தமிழில் ஒரு கதை உண்டு. வாசக அன்பர்கள் பள்ளிப் பருவத்தில் படித்ததுதான். பொதினி என்று அக்காலத்தில் அழைக்கப்பெற்ற இம்மலையின் தலைவன் வையாவிக் கோப்பெரும் பேகன். மயில் ஒன்று குளிரில் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதற்குப் போர்த்திய வள்ளல். பள்ளிப் பாடம் அங்கே நின்றுவிடும். புறநானூறு அங்கே நிற்பதில்லை. மயிலுக்கு இரங்கிய அதே பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து, அவளை அழவிட்டிருந்தான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்ற நான்கு பெரும் புலவர்கள் அவனைத் தேடி வந்து, பொன்னும் பொருளும் வேண்டாம், இன்றே தேரேறிச் சென்று அவளுடைய கண்ணீரைத் துடைப்பாயானால் அதுவே நாங்கள் வேண்டும் பரிசில் என்ற கருத்துப்படப் பாடினார்கள். பரிசில் பெற்று வாழ்ந்த ஏழைப் புலவர்கள் பரிசிலை மறுத்துவிட்டு ஒரு குடும்பத்தின் சமாதானத்தைக் கேட்டது தமிழ் வரலாற்றில் மிக உயர்ந்த செயல்களுள் ஒன்று என்பது என் எண்ணம். அன்று பேருந்தில் அமர்ந்து இக்கதையை நான் நினைத்துக்கொண்டது வெறும் இலக்கியச் சுவைக்காகத்தான். அது என்னைப் பற்றிய கதை என்பது ஐந்து நாள் கழித்தே எனக்கு விளங்கிற்று.

கொடைக்கானலை நாம் உல்லாச நகரமாக மட்டுமே அறிவோம். ஆனால் அது தோன்றிய காரணம் உல்லாசமன்று. 1821-இல் வார்டு என்ற அளவையாளர் இம்மலையை அளந்தார். 1845-இல் மதுரையிலிருந்து அமெரிக்கப் புரோட்டஸ்தாந்து போதகர்கள் இங்கு முதல் இரு வீடுகளைக் கட்டினார்கள். சமவெளியின் காய்ச்சலும் காலராவும் அவர்களுடைய மனைவி மக்களைத் தொடர்ந்து பலிகொண்டதே அதற்குக் காரணம். நம் இயேசு சபைக் குருக்களின் நிலையும் அவ்வாறே. 1830-களின் இறுதியில் மதுரை மறைபரப்புப் பணிக்கு மீண்டும் வந்த பிரெஞ்சுக் குருக்களில் பலர், தமிழைச் சரளமாகப் பேசக் கற்றுக்கொள்ளும் முன்னரே கல்லறைக்குச் சென்றனர். எஞ்சியவர்களைக் காப்பாற்ற ஒரு குளிர்ந்த இடம் தேவைப்பட்டது. இன்று படகு விடுகின்ற ஏரி 1863-இல் வேர் லெவிஞ்சு துரை அணை கட்டி உண்டாக்கியது. சாவுக்கு அஞ்சி ஏறிய மலை பிறகே சுற்றுலா மலை ஆயிற்று.

செண்பகனூர், கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே, வெள்ளி அருவியைத் தாண்டியதும் வருகின்ற சிற்றூர். 1895-இல் இயேசு சபையினர் இங்கே திரு இருதயக் கல்லூரியை நிறுவினர். தென்னகத்தில் இயேசு சபையில் சேர்ந்த எத்தனையோ இளைஞர்கள் தத்துவம் பயின்ற இடம் அது. 1960-களின் பிற்பகுதியில் அந்தத் தத்துவக் கல்விக்கூடம் சென்னைக்கு மாறியது. கருங்கல் சுவர்களும் நீண்ட தாழ்வாரங்களும் அப்படியே இருக்கின்றன. இங்கிருந்த குருக்கள் செபத்தோடு செடி கொடிகளையும் விடவில்லை. ஆங்கிலாத் அடிகளார் இம்மலையின் கற்பதுக்கைகளைத் தேடித் தேடி ஆராய்ந்து, நியூட்டன் என்பவருடன் சேர்ந்து எழுதிய நூல் 1928-இல் தொல்லியல் துறையின் வெளியீடாக வந்தது. பின்னாளில் திருச்சி தூய வளனார் கல்லூரியின் மத்தேயு அடிகளார் பழனி மலைத் தாவரங்களை ஒன்றுவிடாமல் தொகுத்து 1999-இல் நூலாக வெளியிட்டார். 2004-இல் அவர் இறைவனடி சேர்ந்தார். ஒரு புல்லை முழங்காலிட்டுப் பார்ப்பதும் ஆராதனையின் ஒரு வகையே என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

முதல் நாள் மாலை திவ்விய நற்கருணை ஆசீருக்குப்பின் மௌனம் தொடங்கியது. எட்டு நாள் பேச்சு இல்லை, கைபேசி இல்லை, செய்தித்தாள் இல்லை. புனித இஞ்ஞாசியாரின் ஞானப் பயிற்சிகளின்படி நாளுக்கு நான்கு தியானங்கள். நாளுக்கு ஒரு முறை, ஞான ஒடுக்கத்தை நடத்தும் முதிய இயேசு சபைக் குருவிடம் அரை மணி நேரம் மனம் திறந்து பேசலாம்.

வெளியே மௌனம் வந்தவுடன் உள்ளே அமைதி வந்துவிடும் என்று எண்ணுகிறவர்கள் ஞான ஒடுக்கம் செய்யாதவர்களே. குருத்துவ வாழ்வில் பல முறை செய்த நானே ஒவ்வொரு முறையும் அப்படி எண்ணி ஏமாறுகிறேன். பங்கில் இருக்கும்போது காலைத் திருப்பலி, பள்ளிக்கூடம், நோயாளிகளுக்கு நற்கருணை, திருமண ஓலை, கட்டட நிதி என்று ஓடுகின்ற ஓட்டத்தில் மனத்தின் இரைச்சல் நமக்குக் கேட்பதில்லை. அரைக்கும் இயந்திரம் நின்ற பிறகுதான் காது அடைத்திருப்பது தெரிகிறது. இரண்டாம் நாள் இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் செபத்தில் அமர்ந்தால் ஆண்டவருடைய முகத்துக்குப் பதிலாக வேறொருவருடைய முகம் வந்து நின்றது.

அந்த முகத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும்.

எங்கள் பங்கில் பாதுகாவலர் திருவிழாச் சப்பரம் எந்தெந்தத் தெருக்களில் செல்வது என்பது நெடுங்கால வழக்கு. சில தெருக்களில் செல்லும். சில தெருக்களின் முனையிலேயே திரும்பிவிடும். காரணத்தை யாரும் வாய்திறந்து சொல்வதில்லை, எல்லாருக்கும் தெரியும். ஒரே நற்கருணையை உண்கிற மக்களிடையே ஒரு புனிதருடைய சுரூபம் மட்டும் தெரு பார்த்து நடப்பதை நான் ஏற்கவில்லை. எல்லாத் தெருக்களுக்கும் சப்பரம் செல்லும் என்று அறிவித்தேன். அதை முன்நின்று எதிர்த்தவர் ஒரு பெரியவர். முப்பது ஆண்டுகளாகக் கோயில் கணக்கு எழுதி வந்தவர். ஒரு காசு பிசகாத கை. எனக்கு முன்பிருந்த பங்குக் குருக்கள் எல்லாரும் அவரை நம்பிப் பெட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் பயணம் போயிருக்கிறார்கள்.

திருவிழாவுக்கு முந்திய ஞாயிறு மறையுரையில் நான் இதைப் பற்றிப் பேசினேன். பேசியது சரியே. ஆனால் பேச்சின் நடுவில், அவர் அமர்ந்திருந்த பக்கமாகத் திரும்பி, கணக்குப் புத்தகத்தில் பிழையில்லாதவர்களுடைய ஆன்மாவின் கணக்கை ஆண்டவர் பார்க்கும்போது என்ன மிஞ்சும் என்று கேட்டேன். கோயிலில் சிலர் சிரித்தார்கள். அவருடைய பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் பலிபீடச் சிறுவர்களாக என் அருகில் நின்றார்கள். பெரியவர் எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், வெளியே போனார். மறுநாள் சாவிக் கொத்து உபதேசியார் கையில் வந்து சேர்ந்தது. அதன்பின் பதினொரு மாதங்கள் அவர் கோயிலுக்கு வரவில்லை. சப்பரம் எல்லாத் தெருக்களிலும் சென்றது. அது நடக்க வேண்டியது; நடந்தது; இனியும் நடக்கும்.

இந்நிகழ்ச்சியை நான் ஒரு முறைகூடப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதில்லை. நீதி என் பக்கம் இருந்தது. நீதி நம் பக்கம் இருக்கும்போது நம்முடைய பாவம் அதன் நிழலில் மிக வசதியாக உட்கார்ந்துகொள்கிறது.

நான்காம் நாள் காலையில் முதிய குருவிடம் சென்று, உடல்நிலை சரியில்லை, ஊருக்குத் திரும்புகிறேன் என்றேன். முழுப் பொய்யன்று, இரண்டு இரவுகள் உறங்காதவனுக்குத் தலைவலி இருக்கத்தானே செய்யும். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, இஞ்ஞாசியாரின் ஒரு விதியை நினைவூட்டினார். மனம் வறண்டு இருண்டு கிடக்கும் வேளையில், முன்பு தெளிவாக இருந்தபோது செய்த தீர்மானத்தை மாற்றலாகாது என்பது அவ்விதி. இதை ஏட்டறிவாக எழுதியவர் அல்லர் இஞ்ஞாசியார். 1522-இல் மான்ரேசா என்ற ஊரில் தங்கிச் செபித்த காலத்தில், தம் பழைய பாவங்களைப் பற்றிய ஐயங்கள் வதைத்து, ஒரு பள்ளத்தில் விழுந்து உயிரை விட்டுவிடலாமா என்னும் அளவுக்குச் சோதனைப்பட்டவர். புனிதர்கள் அமைதியோடு பிறந்தவர்கள் என்று நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுப்பது தவறு.

“இன்றைக்குத் தியானம் வேண்டாம், ஃபாதர். காட்டுக்குள் நடந்துவிட்டு வாருங்கள்” என்றார் அவர்.

நடந்தேன். இம்மலையில் இரண்டு விதமான காடுகள் உண்டு. ஒன்று, மனிதர் நட்ட பைன், யூக்கலிப்டஸ், சீகைத் தோப்புகள். வெளிநாட்டு மரங்களைப் புல்வெளிகளில் வரிசை வரிசையாக நட்டு வளர்த்தார்கள். பைன் தோப்புக்குள் நுழைந்தால் அற்புதமான நிசப்தம். திரைப்படக்காரர்கள் விரும்புகிற இடம். ஆனால் கீழே பாருங்கள்: உதிர்ந்த ஊசியிலைகள் மெத்தைபோலக் கிடக்கின்றன, அவற்றினிடையே செடி கொடி அரிது. பறவைக் குரலும் மிகக் குறைவு. மற்றொன்று, பள்ளத்தாக்கு மடிப்புகளில் ஆதி முதல் இருக்கின்ற சோலைக்காடு. மரங்கள் உயரமில்லை, கோணல்மாணலானவை, அடிமரமெல்லாம் பாசி. அங்கும் மௌனந்தான். ஆனால் காதைக் கொடுத்தால் எங்கோ நீர் கசிகிறது. ஒரு குருவி கூப்பிடுகிறது. இலையிலிருந்து இலைக்குத் துளி விழுகிறது. சோலையும் புல்வெளியும் மழையைப் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக விடுவதால்தான் கீழே நம் ஆறுகளுக்குத் தண்ணீர் என்று மத்தேயு அடிகளாரைப் போன்றவர்கள் ஓயாமல் சொன்னார்கள்.

மூன்று நாட்களாக நான் என் செபத்தில் பேணிய மௌனம் பைன் தோப்பின் மௌனம் என்று அங்கே நின்றபோது எனக்குப் பட்டது. எதையும் முளைக்கவிடாமல் மேலே இலையைப் பரப்பி மூடிவைத்திருந்தேன்.

இன்னொரு நினைவும் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் இவ்வூருக்கு வந்தபோது சூரிய ஆய்வுக்கூடத்தைப் பார்த்திருக்கிறேன். 1899-இல் நிறுவப்பெற்றது, 1901 முதல் சூரியனை நோக்கி வருவது. எவர்ஷெட் என்ற அறிஞர் 1909-இல் சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தது இங்கேதான். நூறாண்டுக்கு மேலாகச் சூரியனைப் படம் எடுத்துப் புள்ளிகளைக் குறித்துவைக்கிறார்கள். இஞ்ஞாசியாரும் ஆன்ம சோதனைக்கு ஏறக்குறைய இதே முறையைத்தான் சொன்னார். காகிதத்தில் கோடுகள் போட்டு, குறிப்பிட்ட ஒரு குற்றத்தில் விழுந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி வைக்கச் சொன்னார். குருமடத்தில் எங்களுக்கு அந்தச் சிறு புத்தகம் கொடுத்தார்கள். நான் அதைத் தொலைத்துப் பல வருடங்கள் ஆகின்றன.

அன்று மாலை முதிய குருவிடம் பெரியவரின் கதையை முழுவதும் சொன்னேன். சொல்லும்போதே என் வாதங்களையும் சேர்த்துச் சொன்னேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் வாதங்களை மறுக்கவில்லை. சப்பரம் செல்ல வேண்டியதுதான் என்றார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இந்தப் பதினொரு மாதத்தில் அவர் பெயரைச் சொல்லிச் செபித்திருக்கிறீர்களா?”

பங்கு மக்கள் அனைவருக்காகவும் நாள்தோறும் திருப்பலியில் செபிக்கிறேன் என்றேன்.

“அது எல்லாரும் செபிப்பது. பெயரைச் சொல்லி?”

இல்லை. எனக்கு அமைதி வேண்டும் என்று ஆண்டவரிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பழனி மலைத் தலைவன் மயிலுக்குப் போர்வை கொடுத்ததுபோல, கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் நேரமும் பணமும் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெயர் மட்டும் என் செபத்தில் வந்ததேயில்லை.

ஐந்தாம் நாள் பிற்பகல் அனுமதி பெற்றுச் சலேத் மாதா கோயிலுக்கு நடந்தேன். மஞ்சு இறங்கிப் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. எதிரே வரும் வாகனங்கள் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தன. சாலையோரத்தில் சோளக்கதிர் சுடும் ஒரு மூதாட்டி என் வெள்ளை அங்கியைப் பார்த்து, “ஸ்தோத்திரம் சாமி” என்றாள். மௌனம் காக்க வேண்டியவன் கையை உயர்த்தி ஆசீர் மட்டும் அளித்துவிட்டு நடந்தேன். அதற்கும் ஒரு கதிரைக் காகிதத்தில் சுற்றிக் கையில் திணித்துவிட்டாள்.

இந்த ஆலயத்தை 1866-இல் கட்டியவர் சேன் சீர் அடிகளார் என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு. பிரான்சு நாட்டின் ஆல்ப்ஸ் மலையில் சலேத் என்னும் இடத்தில் 1846 செப்டம்பர் 19-ஆம் நாள், மெலானி, மாக்சிமின் என்ற இரண்டு ஏழை மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு அன்னை காட்சி அளித்தார்கள். ஐந்து ஆண்டு விசாரணைக்குப்பின் 1851-இல் கிரனோபிள் ஆயர் அக்காட்சியை ஏற்று அறிவித்தார். லூர்து காட்சிக்கு 12 ஆண்டுகள் முற்பட்டது இது. ஆயினும் லூர்து அன்னையை அறிந்த அளவுக்கு நம் மக்கள் சலேத் அன்னையை அறியார்கள். ஒருவேளை அன்னை அங்கே அழுதுகொண்டிருந்ததால் இருக்கலாம். ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டு அழுதார்கள். பிள்ளைகள் அருகில் வந்தபின் எழுந்து அவர்களோடு பேசினார்கள். மார்பில் ஒரு சிலுவை; அதன் ஒரு பக்கம் சுத்தியல், மறு பக்கம் குறடு. ஆணியை அடிக்கிறவர்களாகவும் நாம் இருக்கலாம். பிடுங்குகிறவர்களாகவும் இருக்கலாம் என்று அதற்குப் பொருள் கூறுவர்.

ஆல்ப்ஸ் மலையின் இந்தக் கண்ணீர் அன்னையை, தோழர்கள் பலரைச் சமவெளியில் புதைத்துவிட்டு வந்த குருக்கள் பழனி மலையில் குடியேற்றியது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்டு 14, 15 நாட்களில் இங்கே திருவிழா. மலைக்கிராமங்களிலிருந்து மக்கள் திரண்டு வருவார்கள். அன்று கோயிலில் என்னைத் தவிர இருவரே இருந்தனர்: துடைப்பத்துடன் ஒரு பெண், பின்வரிசையில் குளிருக்கு ஒதுங்கிய ஒரு வாலிபன்.

முழங்காலிட்டேன். செபம் வரவில்லை. அவ்வமயம் ஆர்ஸ் நகரப் பங்குக்குரு புனித வியான்னியின் நினைவு வந்தது. பங்குக்குருக்களாகிய எங்களுக்கு அவரே பாதுகாவலர். சலேத் காட்சி கண்ட மாக்சிமின் 1850-இல் அவரைக் காணச் சென்றான். அந்தச் சந்திப்பில் ஏதோ குழப்பம் நேர்ந்து, காட்சியைப் பற்றிய ஐயம் வியான்னியின் உள்ளத்தில் நுழைந்தது. அந்த ஐயம் அவரைச் சுமார் எட்டு ஆண்டுகள் வருத்திற்று. ஆயிரக்கணக்கானோர் மன அமைதி தேடி அவருடைய பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்! இறுதியில் ஒரு நாள், நிரூபணம் எதற்கும் காத்திராமல், விசுவசிக்கிறேன் என்று அவர் மனத்தால் சொன்னார். அமைதி திரும்பிற்று என்பார்கள். உணர்ச்சி வந்தபின் சொன்ன சொல் அன்று அது. சொன்னபின் வந்த உணர்ச்சி.

ஆகவே நானும் உணர்ச்சிக்குக் காத்திராமல் பெரியவரின் பெயரைச் சொன்னேன். வாய்விட்டே சொன்னேன். துடைப்பக்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள். முதல் முறை சொன்னபோது கோபந்தான் வந்தது. இரண்டாம் முறை அவர் எழுந்து துண்டை உதறியது வந்தது. செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் அப்பெயரைச் சேர்த்துச் சொல்லிக்கொண்டே போனேன். நான்காம் பத்து மணியில் இருக்கும்போது, அந்தப் பேரப்பிள்ளைகளின் முகம் வந்தது. சிறியவன் அன்று கையில் வைத்திருந்த மணியை ஒலிக்க மறந்து நின்றான். நான் அவனை முறைத்தேன். இது பதினொரு மாதமாக என் நினைவிலேயே இல்லாதது. தாத்தாவைக் கோயில் முழுவதும் சிரித்த வேளையில் மணியை மறந்த பிள்ளையை முறைத்திருக்கிறேன். அதன்பின் செபம் தானாக நடந்தது. கண்ணீரைப் பற்றி எழுதுவது இப்பத்திரிகையின் பக்கங்களில் வழக்கம்தான், நான் எழுதப்போவதில்லை. வெளியே வந்தபோது கதிர் ஆறிப்போயிருந்தது. அதைத் தின்றுகொண்டே திரும்பினேன். வெகு ருசி.

அன்றிரவு உறங்கினேன். அமைதி வந்துவிட்டதா என்றால், பாதி வந்தது என்பேன். காணிக்கையைப் பீடத்தருகில் வைத்துவிட்டுப் போய், முதலில் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று கற்பித்த ஆண்டவர், பீடத்தருகிலேயே இருந்து அழுதுகொள் என்று கற்பிக்கவில்லை.

இங்கே ஒன்றைக் குறிப்பிடலாம். பெருமாள் மலையில், இயேசு சபைக் குருவான அமா சாமி அடிகளார் 1996-இல் போதி ஜென்டோ என்ற ஜென் தியான நிலையத்தை நிறுவினார். வெளிநாட்டிலிருந்தும் பலர் வந்து மணிக்கணக்கில் சுவரை நோக்கி அமர்கிறார்கள். இது சரியா என்று குருக்களிடையே விவாதம் உண்டு. நான் அதில் தீர்ப்புச் சொல்லத் தகுதியற்றவன். அசையாமல் அமர்ந்திருக்கக் கற்பது யாருக்கும் நல்லதே. ஆயினும் உயிர்த்த ஆண்டவர் பூட்டிய கதவுகளுக்குள் வந்து சீடர்களுக்குச் சமாதானம் கூறியபோது, கூடவே கைகளின் காயங்களையும் காட்டினார் என்பதை என்னால் மறக்க முடியவில்லை. ஓடிப்போனவர்களும் மறுதலித்தவனும் அந்த அறையில் இருந்தார்கள். காயத்தை மறைத்துக்கொண்டு அவர் சமாதானம் சொல்லவில்லை. மூச்சைக் கவனிப்பதால் வருகின்ற அமைதிக்கும் இதற்கும் எங்கோ ஓரிடத்தில் பாதை பிரிகிறது.

எஞ்சிய மூன்று நாட்களைப் பற்றி எழுத அதிகமில்லை. பாவசங்கீர்த்தனம் செய்தேன். அபராதமாக முதிய குரு ஒரு செபமும் கொடுக்கவில்லை. “ஊருக்குப் போனதும் முதலில் பங்கு வீட்டுக்குப் போகாதீர்கள்” என்றார்.

திரும்புகையில் கடைத்தெருவில் மலைப்பூண்டு ஒரு கிலோவும் மலை வாழைப்பழம் ஒரு சீப்பும் வாங்கினேன். பேருந்து இறங்க இறங்க மஞ்சு கலைந்து, கீழே பழனிக் கோயில் குன்றும், வெயிலில் பளபளக்கும் குளங்களும் தெரிந்தன. குறிஞ்சி பூத்தது 2018-இல், இனி 2030-இல்தான். நடத்துநர் அதைப் பற்றி யாருக்கோ விளக்கிக்கொண்டு வந்தார். எனக்கு மனம் அதில் செல்லவில்லை. என்ன சொல்லித் தொடங்குவது என்று வாக்கியம் வாக்கியமாக அமைத்து அழித்துக்கொண்டிருந்தேன். இத்தனை ஆண்டுகள் பிரசங்கம் செய்தவனுக்கு ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை.

பெரியவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். வரவேற்பதற்கா, உள்ளே போவதற்கா என்று தெரியவில்லை.

“பெரியவரே, அன்றைக்குப் பீடத்தில் நின்று உங்களைப் பேசியது தவறு. பேரப்பிள்ளைகள் முன்னால் பேசியது அதைவிடத் தவறு. மன்னிப்புக் கேட்க வந்தேன்.”

அவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “சப்பரம் விஷயத்தில நான் சொன்னதுதான் சாமி. மாத்திக்க மாட்டேன்” என்றார்.

“நானும் மாற்றிக்கொள்ள மாட்டேன். சப்பரம் எல்லாத் தெருவுக்கும் போகும்.”

“போகட்டும்” என்றார். அது சம்மதமா, சலிப்பா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. உள்ளே திரும்பி, காப்பி கொண்டுவரச் சொன்னார். அவருடைய சின்னப் பேரன்தான் கொண்டுவந்தான். அவனிடமும் தனியே சொல்ல வேண்டியது ஒன்று எனக்கு இருந்தது, சொன்னேன். அவன் வெட்கப்பட்டு ஓடிவிட்டான்.

“மலையில ரொம்பக் குளிரா சாமி?”

“குளிர்தான். சலேத் மாதா கோயிலில் உங்கள் பெயரைச் சொல்லிச் செபித்தேன்.”

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. என் பையிலிருந்த பூண்டை எடுத்து அவர் முன் வைத்தேன். ஒரு பூண்டைக் கையில் எடுத்து, உரித்து, மோந்து பார்த்தார்.

“என்ன விலைக்கு வாங்கினீங்க?”

சொன்னேன்.

“ஏமாத்திட்டாங்க சாமி. சாமி அங்கியைப் பார்த்தாலே விலையைக் கூட்டிடுவானுங்க. அடுத்த தடவை போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க” என்று சொல்லி, காப்பித் தம்ளரை என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.